விலையின் மேல் பழி போடாதீர்கள்

கண்ணில் மாட்டிக்கொள்கிற ஹெட்செட் பற்றிப் பேச்சு எடுத்தால் நண்பர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள். "பிரமாதமான சாமான் சார். விலைதான் எட்டாது. அது மட்டும் குறையட்டும், டி.வி. மாதிரி வீட்டுக்கு வீடு வந்துவிடும்." ஆப்பிளின் ஹெட்செட்டான விஷன் ப்ரோ 2024 பிப்ரவரி 2-ஆம் தேதி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. விலை 3,499 டாலர். அன்றைய மதிப்பில் மூன்று லட்ச ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. முதல் ஆரவாரம் அடங்கியதும், யூடியூப் விமர்சகர்களிலிருந்து பங்குச்சந்தை ஜோசியர்கள் வரை எல்லோரும் விலையைக் கூண்டில் ஏற்றித் தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். கம்பெனிகளுக்கும் இந்தத் தீர்ப்பு ரொம்ப வசதி. எங்கள் யோசனையில் குறையில்லை, உங்கள் பையில்தான் காசில்லை என்று சொல்லாமல் சொல்லிவிடலாம்.

எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. நான் பொறியாளன் இல்லை. இருபத்தைந்து வருடமாகச் சொந்தக் காசில் கம்ப்யூட்டர் வாங்கி, பழுது பார்த்து, திட்டிக்கொண்டே அடுத்ததையும் வாங்குகிறவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஹெட்செட்டை மக்கள் ஒதுக்கி வைத்திருப்பதற்குக் காரணம், செய்கிறவர்கள் பொருளை விற்றுவிட்டுச் சாவியைத் தங்கள் இடுப்பிலேயே செருகிக்கொள்வதுதான். லேப்டாப்பில் பழகிய கை அது. நெற்றிக்கு வந்தபோதும் மாறவில்லை.

முதலில் விலைக் கதையைப் பார்த்துவிடுவோம். மலிவான ஹெட்செட் இதுவரை வராமலா இருந்தது? 2014-ல் கூகுள் ஓர் அட்டைப்பெட்டியை மடித்து, இரண்டு லென்ஸ் வைத்து, உங்கள் செல்போனையே உள்ளே செருகிக்கொள்ளுங்கள் என்று கொடுத்தது. அடுத்த வருடம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அந்த அட்டைப்பெட்டியைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களுக்கு இலவசமாகவே அனுப்பியது. காலணா செலவில்லை. சாம்சங் 99 டாலருக்கு கியர் விஆர் விற்றது. 2016-ல் கேலக்ஸி எஸ்7 முன்பதிவு செய்தவர்களுக்குச் சும்மாவே தந்தது. கூகுளின் டேட்ரீம் 79 டாலருக்கு வந்து மூன்று வருடத்தில் மூட்டை கட்டியது. 199 டாலர் ஆகுலஸ் கோ 2018-ல் வந்தது, 2020-ல் நிறுத்தப்பட்டது. இலவசமாகக் கொடுத்தும் அலமாரியில் தூசி படிந்த ஒரு பொருளுக்கு விலைதான் எமன் என்று எப்படிச் சொல்வது?

மெட்டாவின் குவெஸ்ட் விற்றதே என்று கேட்பீர்கள். விற்றது, மறுக்கவில்லை. 299 டாலருக்குக் கத்தி வீசிப் பெட்டி உடைக்கிற விளையாட்டுச் சாமான் என்ற அளவில் அது நியாயமான சரக்கு. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நானே பரிந்துரைப்பேன். ஆனால் மெட்டா அதை விளையாட்டுச் சாமான் என்றா விற்றது? அடுத்த யுகத்தின் கம்ப்யூட்டர் என்றல்லவா 2021-ல் கம்பெனியின் பெயரையே மாற்றியது! அந்த யுகத்துக்காக 2024 ஒரே வருடத்தில் அதன் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு கணக்கில் காட்டிய நஷ்டம் சுமார் 17.7 பில்லியன் டாலர். கம்பெனியே நஷ்டப்பட்டு மலிவாகத் தருகிறது. அப்படித் தந்தும் யாரும் காலையில் அதை மாட்டிக்கொண்டு அலுவலக வேலையை ஆரம்பிக்கவில்லை.

உடம்பு அசௌகரியத்தை நான் பெரிதுபடுத்த மாட்டேன். 2024-ல் வந்த விஷன் ப்ரோவின் எடை 600 முதல் 650 கிராம், உரித்த தேங்காய் ஒன்றை முகத்தில் கட்டிக்கொள்வது போல. பேட்டரி தனியாக 353 கிராம், ஒயரோடு பாக்கெட்டில் கிடக்கும். இரண்டு மணி நேரம் வரும். என்னைப்போல் கண்ணாடி போடுகிறவர்கள் 149 டாலர் கொடுத்து பவர் லென்ஸ் தனியாக வாங்க வேண்டும். இதெல்லாம் தொந்தரவுதான். ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் ஒன்றரைக் கிலோ ஹெல்மெட் போடுகிறான். காரியம் ஆகிறது என்றால் மனிதன் பாரம் சுமப்பான்.

ஆக, கேட்க வேண்டியது இதைத்தான்: அந்தப் பாரத்தைச் சுமந்தால் ஆகிற காரியம் என்ன?

விஷன் ப்ரோவுக்குள் முதலில் இருந்தது எம்2 சிப். அதே எம்2 அப்போது மேக்புக் ஏரிலும் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்த அந்த லேப்டாப்பில் புரோகிராம் எழுதலாம், சினிமா எடிட் செய்யலாம், எந்த இணையதளத்திலிருந்தும் மென்பொருளை இறக்கி நிறுவலாம். மூன்று மடங்கு காசு கொடுத்து அதே சிப்பை நெற்றியில் கட்டினால் அந்தச் சுதந்திரம் கிடையாது. மேக்கில் ஓடுகிற மென்பொருள் அதில் ஓடாது. ஆப் ஸ்டோர் என்ற ஒரே வாசல் வழியாக வருவதுதான் வரும். "எனக்கு மேக் வேண்டுமே" என்றால் ஆப்பிளிடம் பதில் இருக்கிறது: உங்கள் மேக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதன் திரையை ஹெட்செட்டில் பெரிதாகக் காட்டுகிறோம். நெற்றியில் ஓர் எம்2, மேசையில் இன்னோர் எம்2. மேசையில் இருப்பது உழைக்கிறது, நெற்றியில் இருப்பது வேடிக்கை காட்டுகிறது.

இந்தத் தடைக்கும் விலைக்கும் என்ன சம்பந்தம்? நாளைக்கே விஷன் ப்ரோ 500 டாலருக்கு வந்தாலும் இந்தக் கதவு பூட்டியே இருக்கும். சிப்பால் முடியாத வேலையும் இல்லை இது. அதே சிப் பக்கத்து மேசையில் செய்துகொண்டிருக்கிறது. கம்பெனி வேண்டாம் என்று முடிவு செய்ததால் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐபேடில் நாம் பார்த்த நாடகம்தான் இது. 2021-லேயே ஐபேட் ப்ரோவுக்குள் மேக்கின் எம்1 சிப் வந்துவிட்டது. இன்றுவரை அதில் மேக் மென்பொருள் ஓடாது. 2010-ல் விற்பனைக்கு வந்த ஐபேடுக்கு, சாதாரணக் கூட்டல் கழித்தல் போடுகிற கால்குலேட்டரை ஆப்பிள் தந்தது 2024-ல். பதினான்கு வருடம்! மளிகைக் கடை அண்ணாச்சிகூட இதைக் கேட்டால் சிரிப்பார். ஐபேடும் மேக்கும் ஒன்றாகிவிட்டால் இரண்டை வாங்குகிறவன் ஒன்றோடு நின்றுவிடுவானே என்ற கணக்கைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பூட்டி வைத்தால்தான் பாதுகாப்பு என்று வாதாடுகிறவர்கள் உண்டு. வைரஸ் வராது, ஏமாற்று ஆப் நுழையாது என்பார்கள். சரி, 1984-லிருந்து மேக் விற்கிற அதே கம்பெனி, அதில் மட்டும் எங்கிருந்தும் மென்பொருள் இறக்க இன்றும் விட்டிருக்கிறதே? வங்கிக்காரர்களும் வக்கீல்களும் பத்திரிகைக்காரர்களும் அதில்தானே வேலை செய்கிறார்கள்? அங்கே இடியாத வானம் ஹெட்செட்டில் மட்டும் ஏன் இடிய வேண்டும்?

"ஐபோனையும் 2007-ல் இப்படித்தான் கிண்டல் செய்தார்கள்" என்பது அடுத்த வாதம். எனக்குப் பிடித்த வாதம் இது. சொல்கிறவரையே திருப்பி அடிக்கும். ஐபோன் 2007 ஜூனில் வந்தபோது வெளியார் எழுதிய ஆப் எதையும் அதில் நிறுவ வழியில்லை. அடுத்த வருடம் ஜூலையில் ஆப் ஸ்டோர் வந்தது. ஊர் பேர் தெரியாத பையன்களெல்லாம் ஆப் எழுதிப் போட்டார்கள். டாக்சி கூப்பிடுவது, சாப்பாடு வரவழைப்பது, சில்லறை அனுப்புவது என்று ஆப்பிள் கனவிலும் நினைக்காததெல்லாம் அந்தப் போனுக்குள் வந்தது. இன்னும் பின்னால் போனால் கதை இதைவிடத் தெளிவு. 1977-ல் வந்த ஆப்பிள் 2-இன் மூடியைக் கையால் தூக்கினால் வந்துவிடும். உள்ளே, வெளியார் செய்கிற அட்டைகளைச் செருக எட்டு ஸ்லாட். 1979-ல் டேன் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இரண்டு பேர் விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருளை அதற்காக எழுதினார்கள். அந்த ஒரு மென்பொருளுக்காகவே வியாபாரிகள் ஆப்பிள் 2 வாங்கினார்கள். அந்த இருவரும் ஆப்பிள் ஊழியர்கள் இல்லை; யாரிடமும் அனுமதி வாங்கி எழுதவும் இல்லை.

விஷன் ப்ரோவுக்கு அந்த விசிகால்க் எங்கே? வரவில்லை, வருகிற வழியும் அடைபட்டிருக்கிறது. முதல் நாளில் நெட்ஃப்ளிக்ஸ், யூடியூப், ஸ்பாட்டிஃபை ஆகிய மூன்றுமே அதற்குத் தனி ஆப் செய்யவில்லை. உலகத்திலேயே சிறந்த திரை என்று சொல்லி விற்ற சாமானில் உலகத்திலேயே அதிகம் பேர் பார்க்கிற வீடியோ சேவைக்கு அன்று ஆப் இல்லை! எழுதுகிறவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது பரம ரகசியம் ஒன்றும் இல்லை. ஆப் ஸ்டோரில் 30 சதவீதம் வரை கமிஷன் கட்டிக் களைத்தவர்கள் அவர்கள். ஃபோர்ட்நைட் விளையாட்டை உருவாக்கிய எபிக் நிறுவனம் 2020-ல் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. வெளியே பணம் கட்டுகிற வழியைத் திறந்துவிடச் சொன்ன உத்தரவை ஆப்பிள் வேண்டுமென்றே மீறியது என்று 2025 ஏப்ரலில் கலிபோர்னியா நீதிபதி எழுதினார். இப்படிப்பட்ட வீட்டில் இன்னொரு மாடி கட்டி, குடி வாருங்கள் என்று கூப்பிட்டால் யார் வருவார்?

இனி நெற்றியிலிருந்து இறங்கி மேசைக்கு வருவோம். நோயின் வேர் அங்கேதான்.

சில மாதங்களுக்கு முன் என் லேப்டாப் திணற ஆரம்பித்தது. 8 ஜிபி ரேம். பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். ரேம் கூட்டிக்கொள்ளலாம் என்று சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடிப்படி அகலத்துக்கு ஒரு கடை. இருபத்திரண்டு வயது இருக்கும் தம்பி ஒருவர், கிட்டார் வாசிக்கிற பிளாஸ்டிக் பிக் மாதிரி ஒன்றை ஓரத்தில் விட்டுச் சுற்றி வந்து, அடிமூடியை 'டப்' என்று கழற்றினார். விளக்கை இழுத்துப் பிடித்தார்.

"இங்க பாருங்க சார். இதுதான் ரேம். நாலு கருப்புச் சில்லு. நேரா போர்டுலயே சால்டர் பண்ணிட்டாங்க. ஸ்லாட்டே இல்ல."

"மாத்தவே முடியாதா தம்பி?"

"போர்டையே மாத்தணும். அதுக்குப் புதுசே வாங்கிரலாம்."

பக்கத்திலேயே யாரோ கொடுத்துவிட்டுப் போன தடித்த பழைய லேப்டாப் ஒன்று திறந்து கிடந்தது. அதில் ரேமின் இரண்டு பக்கக் கொக்கிகளையும் கட்டைவிரலால் விலக்கினார். அட்டை தானாகவே சாய்ந்து எழுந்து நின்றது. இன்னொன்றைச் செருகி அழுத்தினார். முப்பது வினாடி ஆகியிருக்காது. "இந்த மாதிரி இப்ப யார் சார் செய்றாங்க" என்றார். என்னிடம் காசு வாங்கவில்லை. என் லேப்டாப் எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. மெல்லிய லேப்டாப் செய்கிறவர்களில் பெரும்பாலோர் இதையே செய்கிறார்கள்.

சால்டர் செய்தால் வேகம் கூடும், பேட்டரி மிச்சமாகும், உடம்பு மெலியும் என்பது அவர்கள் தரப்பு. பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அதே வகைக் குறைமின் ரேமைத் திருகு போட்டுக் கழற்றி மாட்டுகிற எல்பிகேம்2 என்ற வடிவம் 2024-ல் லெனோவோவின் திங்க்பேட் பி1 மாடலிலேயே வந்துவிட்டது. மனம் இருந்தது, வந்தது. இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம் என்ற கொள்கைக்காகவே பிறந்த ஃப்ரேம்வொர்க் கம்பெனி, 2025-ல் அறிவித்த டெஸ்க்டாப்பில் ரேமை சால்டர்தான் செய்தது. ஏஎம்டியின் அந்தச் சிப்புக்கு வேண்டிய வேகம் ஸ்லாட்டில் கிடைக்கவில்லை, அந்தச் சிப்காரர்களோடு சேர்ந்து முயன்றும் முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்தது. அதை நான் மதிக்கிறேன்.

மதிக்க முடியாதது 8 ஜிபி கதை. 2023 இறுதியில் ஆப்பிள் 14 அங்குல மேக்புக் ப்ரோவை இந்தியாவில் 1,69,900 ரூபாய்க்கு 8 ஜிபி ரேமோடு விற்றது. பெயரில் 'ப்ரோ' வேறு. கேட்டதற்கு, எங்கள் 8 ஜிபி மற்றவர்களின் 16 ஜிபி-க்குச் சமம் என்கிற தொனியில் அதன் அதிகாரி ஒருவர் பேட்டி கொடுத்தார். சமம் என்று திருப்தி இல்லாதவர்கள் 20,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் 16 ஜிபி. அடுத்த வருடம் அக்டோபர் 30-ஆம் தேதி என்ன நடந்தது? மேக்புக் ஏரின் எல்லா மாடலிலும் ஆரம்ப ரேம் 16 ஜிபி ஆகிவிட்டது. விலை ஒரு ரூபாய் ஏறவில்லை. முந்தின நாள்வரை 20,000 ரூபாய்க்கு விற்றது மறுநாள் சும்மா வருகிறதென்றால், அந்த 20,000 எதன் விலை?

நான் விலை வாதத்தை நம்பாததற்கு இதுவே போதும். இவர்கள் சாமான்களில் விலை என்பது செலவிலிருந்து தானாக முளைப்பதில்லை. யாரை எந்தப் படியில் நிறுத்தலாம் என்று அளந்து போடுகிற வேலி அது. வேலியைப் போட்டவரே "வேலி உயரமாகிவிட்டது, என்ன செய்ய" என்று உச்சுக்கொட்டுவதை நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

ஆப்பிளை மட்டும் திட்டினால் விண்டோஸ்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். அவர்களுக்கும் பங்கு வைத்திருக்கிறேன். 2017 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் 'விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி' என்று முழங்கியது. ஏசர், டெல், ஹெச்பி, லெனோவோ, சாம்சங் எல்லோரும் அதற்கு ஹெட்செட் செய்தார்கள். ஹெச்பி 2020-ல்கூட ரிவெர்ப் ஜி2 என்று 599 டாலருக்கு ஒன்று விற்றது. 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் கையை உதறியது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட்டில் அந்த மென்பொருளே இல்லை. லென்ஸ் உடையவில்லை, ஒயர் அறுபடவில்லை. நேற்றுவரை ஓடிய ஹெட்செட் அப்டேட் ஏறியதும் அட்டைப்பெட்டிக்குச் சமம். பின்னால் ஒரு பொறியாளர் தனியாக உட்கார்ந்து டிரைவர் எழுதி, என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமாவது அதை மறுபடி உயிர்ப்பித்தார். தனி ஒருவரால் முடிந்தது அவ்வளவு பெரிய கம்பெனிக்கு முடியாமல் போனதாம்.

பழையன கழிதல் இயற்கைதானே என்று பெரிய மனது பண்ணச் சொல்வார்கள். எது பழையது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால் இன்டெல் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். ஏழு என்றால் வாசலோடு சரி. ஆனால் மைக்ரோசாஃப்ட் தானே 2018-ல் விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-இல் இருந்தது ஏழாம் தலைமுறைச் சிப். 2021-ல் பட்டியலைத் திருத்தியபோது வழக்கமான ஏழாம் தலைமுறைச் சிப்புகளில் அந்த ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். பந்தியில் தன் பிள்ளைக்கு மட்டும் தனி இலை. அந்த சர்ஃபேஸின் ஆரம்ப விலையும் 3,499 டாலர் என்பது தற்செயல்தான், ஆனால் நன்றாகத்தான் பொருந்துகிறது.

மெட்டா? ஆகுலஸை 2014-ல் வாங்கியபோது, அதை மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் ஃபேஸ்புக் லாகின் கேட்க மாட்டார்கள் என்று அதன் நிறுவனர் பால்மர் லக்கி வாக்குக் கொடுத்தார். 2020-ல் குவெஸ்ட் 2 வந்தபோது ஃபேஸ்புக் கணக்கு கட்டாயம். கணக்கு முடங்கினால் ஹெட்செட்டும் முடங்கும். இரண்டு வருடம் திட்டு வாங்கிய பிறகு மாற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால் அதே மெட்டா ரே-பானோடு சேர்ந்து விற்ற கேமரா கண்ணாடிகள், 2023 அக்டோபருக்குப் பின் ஒன்றரை வருடம் முடிவதற்குள் இருபது லட்சத்துக்கும் மேல் போயின. ஊரார் முகத்தையெல்லாம் கேட்காமல் படம் பிடிக்கிற அந்தச் சாமான் எனக்குப் பிடிக்காது, அது வேறு சண்டை. ஆனால் வாங்குகிறவன் கணக்கு புரிகிறது. மெட்டா நாளைக்கே சர்வரை அணைத்தாலும் கையில் ஒரு கூலிங் கிளாஸ் மிச்சம்.

நான் கேட்பது ஒன்றும் ஆகாயத் தாமரை இல்லை. மானிட்டர் எப்படியோ அப்படி ஒரு ஹெட்செட். ஒயரைச் செருகினால் திரை வர வேண்டும். லாகின் கேட்கக் கூடாது. என் லேப்டாப்பில் ஓடுகிறது அதிலும் ஓட வேண்டும். கம்பெனிக்கு அலுத்துப்போனால், வேறு யாராவது டிரைவர் எழுதுகிற அளவுக்கு விவரத்தைப் பொதுவில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இப்படி ஒன்று வந்தால், லட்ச ரூபாய் ஆனாலும் நான் சீட்டுப் போட்டாவது வாங்குவேன்.

2025 அக்டோபரில் ஆப்பிள் விஷன் ப்ரோவைப் புதுப்பித்தது. எம்2 போய் எம்5 சிப் வந்தது. உறுத்தாத புதுத் தலைப்பட்டை வந்தது. அதோடு சேர்த்து எடை 750 கிராமைத் தாண்டியது. விலை அதே 3,499 டாலர். அதற்கு ஆப் எழுத விரும்புகிறவர் அதை மாட்டிக்கொண்டு அதிலேயே எழுத முடியாது. எழுதுகிற மென்பொருளான எக்ஸ்கோடு மேக்கில்தான் ஓடும். அந்த மேக்கைத் தனியாக வாங்க வேண்டும்.